சும்மா கம்பெனிக்கு

மிக்சரில் கடலையை மட்டும் தேடிப் பொறுக்குகிற ஒரு கை. பங்காளியை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவன் முகம் இல்லை, அந்தக் கைதான். செய்தித்தாளில் கொட்டி வைத்த மிக்சரை ஆள்காட்டி விரலால் மெல்லக் கிளறி, ஓமப்பொடியை ஒரு பக்கம், பூந்தியை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தோலை நிமிண்டி ஊதிவிட்டு வாயில் போட்டுக்கொள்வான். அவசரமே இருக்காது. உலகத்தில் வேறு வேலையே இல்லை என்பது போல அந்த விரல் போய்க்கொண்டிருக்கும். மற்ற மூன்று பேர் கத்திப் பேசிக்கொண்டிருப்போம். அவன் நடுநடுவே நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடியும் குனிந்துகொள்வான்.

அவையெல்லாம் சனிக்கிழமை மதியங்கள். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புதாறு என்றுதான் சொல்வோம். தஞ்சாவூரில் நாங்கள் படித்த கல்லூரிக்குப் பின்னால் அரை மணி நேரம் நடந்தால் அதன் கரையில் ஒரு மூங்கில் கொத்து இருந்தது. அரைநாள் வகுப்பு முடிந்து, மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டு, நாலு பேர் அங்கே போய் உட்காருவோம். மூங்கில் இலை வழியாக விழுகிற வெயில் செய்தித்தாளின் மேல் அங்கும் இங்கும் அசையும். தண்ணீர் போகிற சத்தம் கேட்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குக் கேட்கும். கரைக்கு அந்தப் பக்கம் பச்சை வயல், அதற்கும் அந்தப் பக்கம் பச்சை வயல். இருபது வருடம் ஆகிவிட்டது. இன்றைக்கும் தஞ்சாவூர்ப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து கண் செருகினால் அந்தக் கரை வந்துவிடுகிறது. நாலு பேரும் அங்கே எழுந்து போகாமல் இன்னும் உட்கார்ந்திருக்கிறோம். நடத்துநர் யாரையாவது அதட்டுகிற சத்தத்தில் விழித்துக்கொள்கிறேன்.

பங்காளி என்றால் எனக்குச் சொந்தம் இல்லை. ஊரில் பங்காளி என்றால் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள், நிலத்தில் பாகம் உள்ளவர்கள். கல்லூரியில் அதையே பிடித்தவனைக் கூப்பிடுகிற பேராக்கி வைத்திருந்தோம். எங்கள் இரண்டு பேருக்கும் மன்னார்குடிப் பக்கம். என் ஊர் கோரையாற்றுக்கு இந்தக் கரை, அவன் ஊர் அந்தக் கரை. நடவுக்கும் களையெடுப்புக்கும் அந்தக் கரையிலிருந்து எங்கள் கரைக்கு ஆட்கள் வருவார்கள். எங்கள் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, தேர்தல் சமயம் தவிர, யாரும் போனதாக எனக்கு நினைவில்லை. அவன் அப்பா அவன் சின்னப் பையனாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா வயல் வேலை செய்து படிக்க வைத்தார். ஆற்றின் இரண்டு கரைகளிலும் இருக்கிற அத்தனை சனத்துக்கும் தெரியும், நானும் அவனும் பங்காளி ஆக முடியாது என்று. அதனாலேயே அவனை அப்படிக் கூப்பிடுவதில் எனக்கு ஒரு கிளுகிளுப்பு இருந்தது. முதல் தடவை கூப்பிட்டபோது அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான், வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று.

கல்லூரிக்கு வந்த முதல் மூன்று மாதம் அவனோடு யாரும் சண்டை போடவில்லை, யாரும் பேசவும் இல்லை. தமிழ் வழியில் படித்து நல்ல மதிப்பெண்ணோடு வந்தவன். வகுப்பில் கடகடவென்று ஓடுகிற ஆங்கிலத்தைக் காதில் வாங்கி, தமிழில் எழுதிப் பார்த்து, இரவு அறையில் அகராதியோடு உட்காருவான். மெஸ்ஸில் சுவரைப் பார்த்த மேசையில் தனியாகச் சாப்பிடுவான். எனக்கு அவன் மேல் பரிதாபமா, இல்லை நான் நல்லவன் என்று எனக்கே காட்டிக்கொள்கிற ஆசையா, தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் அறைக் கதவைத் தட்டி, "வாடா, ஆத்தங்கரைக்குப் போவோம்" என்றேன். அவனுக்கு எதற்குப் போகிறோம் என்று தெரியும். "எனக்குப் பழக்கமில்ல" என்றான். "யாரு ஒன்னக் குடிக்கச் சொன்னா? சும்மா கம்பெனிக்கு வா" என்றேன்.

கம்பெனி என்பது அபாரமான சொல். குடிக்கிறவர்களோடு குடிக்காதவன் போய் உட்காருவதற்கு மாணவர்கள் வைத்திருக்கிற பெயர் கம்பெனி கொடுப்பது. குடிக்க வா என்று கூப்பிட்டால் வரமாட்டேன் என்று சொல்கிறவன்கூட, சும்மா கம்பெனிக்கு வா என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். அதில் பாவம் எதுவும் கிடையாது. கொடுக்கிறவன் அவன், வாங்கிக்கொள்கிறவர்கள் நாங்கள். யாருக்கும் எதையும் கொடுக்க வழியில்லாமல் இருந்தவனுக்கு, கொடுக்கச் சொல்லி ஒருவன் கேட்டால் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது யோசிக்கிறேன். அன்றைக்கு அவன் வந்தான். அதற்கப்புறம் ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை.

அவனிடம் ஒரு பழைய செல்போன் இருந்தது. ரகசியமே பேச முடியாது, எதிராளி பேசுவது பத்தடிக்குக் கேட்கும். அவன் அம்மா பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சனிக்கிழமை மதியம்தான் கூப்பிடுவார், அன்றைக்கு அவனுக்கு அரைநாள் வகுப்பு என்பதால். ஒருநாள் மூங்கிலடியில் உட்கார்ந்திருக்கும்போது மணி அடித்தது. நாங்கள் வாயை மூடிக்கொண்டோம்.

"எங்கய்யா இருக்க?"

அவன் எங்களைப் பார்த்தான். அவனுக்கு அம்மாவிடம் பொய் சொல்லத் தெரியாது. "பிரண்டுவளுக்குக் கம்பெனி குடுக்க வந்துருக்கேம்மா" என்றான்.

"கம்பெனியா?"

"ஆமாம்மா. கம்பெனிதான். சும்மா உக்காந்துருக்கேன்."

"அய்யய்யோ, சரிய்யா சரிய்யா. வேலையப் பாரு. நான் அப்பறமாப் பேசுறேன்" என்று அந்த அம்மா பதறிப்போய் வைத்துவிட்டார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். பிறகு சிரித்தோம் பாருங்கள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணில் உருண்டோம். அவனும்தான் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்தபோதுதான் அவனுக்குச் சிரிப்பு நின்றுபோயிருந்தது. படிக்கும்போதே பிள்ளையைத் தஞ்சாவூர்க் கம்பெனியில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள், சனிக்கிழமை சனிக்கிழமை அங்கே போகிறது என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். "சொல்லிட வேண்டியதுதானடா?" என்றேன். "எப்படிப் பங்காளி சொல்றது? அது மாரியம்மன் கோயில்ல சக்கரப் பொங்கல் வச்சுக் குடுத்துருக்கு. எல்லாரும் தின்னுட்டாங்க" என்றான். அதற்கப்புறம் அந்த அம்மா சனிக்கிழமைகளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். கம்பெனி வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாதாம். போனைக் கொடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்கூட, "இன்னைக்கு வேணாம்மா, புள்ள கம்பெனில இருக்கும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புவாராம்.

முதல் வருடம் முழுக்க அவன் ஒரு சொட்டு தொடவில்லை. பருவத் தேர்வு முடிவு வந்த அன்று நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும். எங்கள் நாலு பேரில் ஒரு பாடம்கூட நிற்காமல் தேறியவன் அவன் ஒருவன்தான். கொண்டாடாமல் இருக்க முடியுமா? மெஸ்ஸிலிருந்து நான் சுட்டு வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று உண்டு. மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக், எனக்கு மட்டும் அது. அதில் ஊற்றி ஒரு மிடறு குடித்துவிட்டு அவனிடம் நீட்டினேன்.

"ஒன் டம்ளரா?" என்றான்.

"ஆமா."

"நீ குடிச்சதா?"

"ஆமாடா. எச்சிதான். குடி" என்றேன்.

அவன் கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். எங்கள் ஊரில் அடுத்தவர் டம்ளரில் யாரும் வாய் வைத்துக் குடிக்க மாட்டார்கள், அண்ணாந்துதான் குடிப்பார்கள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, நான் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்துக் குடித்தான். குமட்டிக்கொண்டு வந்தது, விழுங்கினான். நாங்கள் கைதட்டினோம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது என்றே சொல்ல வேண்டும். டெல்டாவின் சாதி வித்தியாசத்தை அன்று மதியம் இரண்டரை மணிக்கு நான் ஒருவனே ஒழித்துவிட்டதாக எனக்கு நினைப்பு. பத்தொன்பது வயது. அந்த நினைப்பின் போதைதான் குடியைவிட எனக்கு அதிகமாக இருந்தது. அறைக்குத் திரும்பும்போது அவன் தோளில் கை போட்டுக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே நடந்தேன்.

அந்தத் தையில், பொங்கலுக்கு மறுநாள், அவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். நான்தான் வற்புறுத்திக் கூப்பிட்டிருந்தேன். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு, ஆற்றுப் பாலத்தைக் கடந்து நடந்து வந்தான். அப்பா வாசலில் நாற்காலி போடச் சொன்னார், நன்றாகத்தான் பேசினார், படிப்பைப் பற்றி விசாரித்தார். அம்மா காப்பி கொண்டுவந்தார். எனக்கும் அப்பாவுக்கும் டபரா டம்ளரில். அவனுக்குப் பேப்பர் கப்பில். "விசேசத்துக்கு வாங்குனது மிச்சம் கெடந்துச்சு" என்று யாரும் கேட்காமலேயே சொன்னார். அவன் "காப்பி நல்லாருக்கும்மா" என்றான். குடித்து முடித்து, அந்தக் கப்பை நாலாக மடித்து, எங்கே போடுவது என்று எங்களைக் கேட்காமல் தன் பேண்ட் பைக்குள் வைத்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காப்பி ஆறுவதற்குள் குடித்துவிட்டேன். அதற்காக வெட்கப்படுகிறேன் என்று இப்போது எழுதுவது சுலபம். அன்று எனக்கு வெட்கம்கூட வரவில்லை, சீக்கிரம் அவன் கிளம்பினால் தேவலை என்றுதான் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஆற்றங்கரையில் அவனே கேட்டான். "டம்ளர எடு பங்காளி" என்றான். அன்றைக்கு எங்கள் எல்லோரையும்விட அதிகம் குடித்தவன் அவன். மாணவர்கள் ஏன் குடிக்கிறார்கள் என்று இப்போது நான் போகிற கூட்டங்களில் பெரிய பெரிய காரணங்கள் சொல்கிறார்கள். கை நிறையக் காசு என்கிறார்கள், சினிமா என்கிறார்கள், வீட்டில் கண்டிப்பில்லை என்கிறார்கள். இருக்கலாம். அவனுக்கு இதில் எதுவும் இல்லை. உலகத்தில் அவன் வாயும் என் வாயும் ஒரே டம்ளரில் படுகிற இடம் ஒன்றே ஒன்று இருந்தது, அங்கே அவன் வந்து வந்து உட்கார்ந்தான், அவ்வளவுதான். அவன் குடித்தது மதுவை இல்லை, மரியாதையை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அதெல்லாம் கிடையாது. அவன் குடித்தது மதுவைத்தான். அது அவன் ஈரலைத்தான் தின்றது.

மூன்றாம் வருடம் எங்களுக்குப் பயம் வந்து, பரீட்சைக்கு முன்னால் ஆற்றங்கரையை நிறுத்தினோம். அவன் தனியாகப் போக ஆரம்பித்தான். சனிக்கிழமை என்கிற கணக்கும் போயிற்று. காலையில் வகுப்புக்கு வருகிறவன் பக்கத்தில் யாரும் உட்காராமல் நகர்ந்துகொண்டார்கள். முதல் மூன்று மாதம் எப்படி இருந்தானோ அந்த இடத்துக்கே அவனைக் கொண்டுவந்து விட்டிருந்தோம். அவனுக்குப் பாடங்கள் நின்றன. எனக்கும்தான் நின்றன, அவனைவிட ஒன்று கூடுதலாகவே. ஆனால் எனக்கு நின்றபோது வீடே எழுந்து உட்கார்ந்தது. சித்தப்பா வந்து என் அறையில் ஒரு மாதம் தங்கினார். டியூஷன் வைத்தார்கள். ஒரு வருடம் வீட்டிலிருந்து எழுதி முடித்தேன், சென்னையில் மாமா வீட்டில் தங்கி மேலே படித்தேன். என் குடி எப்போது நின்றது என்று எனக்கே சரியாகத் தெரியாது. எல்லோருமாகச் சேர்ந்து அதை எனக்கு மறக்கடித்துவிட்டார்கள்.

நிஜக் கம்பெனிகள் வேலைக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கு வந்த அன்று, பாடம் நின்றவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நானும் அவனும் கேட்டுக்கு வெளியே புங்க மரத்தடியில் நின்றோம். டை கட்டிய பையன்கள் கோப்போடு உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எங்கம்மாவப் பொறுத்தவரைக்கும் நான் ஏற்கெனவே கம்பெனில இருக்கேன் பங்காளி. இதுக்கும் போனா ரெண்டு வேலையால்ல ஆயிரும்" என்றான். நான் சிரித்தேன். அவனுடைய நகைச்சுவைக்குச் சிரிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டிருந்தது.

பிறகு அவன் அறுவடை மெஷின் ஓட்டினான். குறுவைக்கு ஒரு ஊர், சம்பாவுக்கு ஒரு ஊர் என்று சுற்றினான். நல்ல டிரைவர் என்று சொல்வார்கள், மெஷின் மேல் இருக்கும்போது தொட மாட்டானாம். இறங்கினால் விட மாட்டானாம். எப்போதாவது போன் செய்வான். ஒருமுறை, எந்த ஊர் வயலிலிருந்தோ, "இங்க ஒரு மூங்கி கொத்து இருக்கு பங்காளி, அச்சு அசல் அதே மாரி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். முப்பத்தொன்றாவது வயதில் கண் மஞ்சளாகித் தஞ்சாவூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்தான். நான் போனபோது தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப வேண்டாம் என்று வந்துவிட்டேன். அவன் எழுந்தால் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பதுதான் உண்மை.

சாவு வீட்டில் அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டதில்லை. "எம்புள்ளைக்கு வாச்ச ஒரே நல்ல சேக்காளி நீங்கதான் தம்பி" என்று கூடியிருந்த எல்லோர் முன்னாலும் சொல்லி அழுதார். பிறகு கேட்டார். "அது வேல பாத்துச்சுல்ல, அந்தக் கம்பெனி, அது எது தம்பி? அந்தக் கம்பெனிக்காரனுவதான் என் புள்ளைக்குக் குடிக்கப் பழக்கி வுட்டானுவ. சனிக்கெழம சனிக்கெழம அங்க போயித்தான் கெட்டுப் போச்சு. பேரு மட்டும் சொல்லுங்க. நான் போயி ஒரே ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துர்றேன்." "தெரியலம்மா, விசாரிக்கிறேன்" என்றேன்.

ஒன்பது வருடம் விசாரித்தேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஊருக்குப் போனால் பாலத்தைத் தாண்டிப் போய் அவரைப் பார்ப்பேன். இப்போது அவர் மூன்று மா நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகச் சாகுபடி செய்கிறார். யார் தயவிலும் இல்லை. எனக்கு டீ போட்டுக் கொடுத்து, என் பிள்ளைகளை விசாரித்துவிட்டு, கடைசியில், "அந்தக் கம்பெனி வெவரம் ஏதும் தெரிஞ்சுதா தம்பி?" என்பார். ஒரு வருடம் தாள முடியாமல், "அத மூடிட்டாங்களாம்மா" என்று சொல்லிவிட்டேன். அதோடு விட்டுவிடுவார் என்று பார்த்தேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "கம்பெனிய மூடுனாலும் மொதலாளி எங்கயாச்சும் இருப்பாருல்ல?" என்றார். திரும்பி வரும்போது பாலத்தில் பைக்கை நிறுத்திவிட்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதலாளி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

நான் இப்போது தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். போன புரட்டாசியில் விடுதியில் குடித்துவிட்டு விழுந்து கிடந்த இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனை விசாரிக்கிற குழுவில் என்னைப் போட்டார்கள். நாலு பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தோம். அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். யார் பழக்கியது என்று மாற்றி மாற்றிக் கேட்டார்கள். "யாரும் இல்ல சார். சும்மா கம்பெனிக்குத்தான் போயி உக்காந்தேன்" என்றான். குழுவில் மூத்தவர், நல்ல மனிதர், இந்தக் காலத்துப் பேச்சு பிடிபடாதவர், பேனாவைத் திறந்துகொண்டு, "எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். மற்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். மாணவனுக்கும் சிரிப்பு வந்து அடக்கிக்கொண்டான். படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று அதை என்னிடம் தள்ளினார்கள். கூடா நட்பு என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த இரண்டு சொல்லையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்குப் பேருந்து ஏறினேன்.

காலை பத்து மணி இருக்கும். சம்பா நடவு நேரம். வழியெல்லாம் தண்ணீர் நின்ற வயல்கள், அவற்றுக்குள் வானம் கிடந்தது. பேருந்தில் பாதித் தூக்கம், பாதி விழிப்பு. எல்லா வயலிலும் யாரோ குனிந்திருந்தார்கள். ஒரு சமயம் அவர்களில் பங்காளியும் ஒருவன் என்றுகூடத் தோன்றியது. பாலத்தில் இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வரப்பு வரப்பாக நடந்தேன். அவன் அம்மா நாற்றங்காலில் முழங்கால் சேற்றில் நின்று நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார். மற்ற பெண்கள் அடுத்த வயலில் நட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் நெற்றியில் கை வைத்து அடையாளம் பிடித்தார். "என்ன தம்பி, பொங்கலுக்குத்தான வருவீங்க? இருங்க, ஏறி வாரேன்" என்றார்.

"வேணாம்மா. அங்கயே இருங்க. ஒண்ணு சொல்லணும்" என்றேன். அருகில் வந்தால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று பயம்.

அவர் கையில் இருந்த நாற்றுக் கற்றையை முடியாகக் கட்டிக்கொண்டே, "கம்பெனி வெவரம் தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரிஞ்சுதும்மா. நான்தான்மா அது."

"நீங்க அதுல வேல பாத்தீங்களா?"

"இல்லம்மா. கம்பெனின்னு ஒண்ணு கெடயாது. குடிக்கிறவங்களோட குடிக்காம சும்மா போயி உக்காந்துருக்கறத அப்படிச் சொல்லுவோம். ஆத்தங்கரைல. மொதல்ல அப்படித்தான் கூப்புட்டேன். ஒரு வருசம் அவன் தொடவே இல்லம்மா. அப்பறம் நான்தான் என் டம்ளர்ல ஊத்திக் குடுத்தேன்."

அவர் கட்டிய நாற்று முடியைத் தண்ணீரில் வைத்தார். அது கொஞ்சம் மிதந்து போய் வரப்பில் முட்டி நின்றது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாகப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அது தெரிந்தது. எங்கே போய் நிற்கும் என்பதும் தெரிந்தது.

"சனிக்கெழமல்லாம் நான் கூப்புடாம இருந்தேனே தம்பி" என்றார்.

அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

"நீங்களும் குடிச்சீங்களா?"

"குடிச்சேம்மா. அவனுக்கு முன்னாலேர்ந்தே. மொதல்லல்லாம் அவனவிடக் கூடவே."

அவர் என்னைப் பார்த்தார். பளபளவென்று சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடி, கையில் பிடித்திருக்கிற தோல் செருப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன், மண்ணை வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். ஒன்பது வருடமாகக் கம்பெனி முதலாளியிடம் கேட்பதற்காக வைத்திருந்த அந்த ஒரு வார்த்தையைக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு. குரலில் கோபம் இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்கிறவர் போல, பதில் வேண்டும் என்பதற்காகவே கேட்டார்.

"அப்ப உங்களுக்கு மட்டும் ஏன் தம்பி ஒண்ணும் ஆவல?"

நான் வாயைத் திறந்தேன். சித்தப்பா, டியூஷன், மாமா வீடு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் அவரிடம் சொல்ல முடியவில்லை. அவர் காத்திருந்தார். அப்புறம், நான் இப்போதைக்குச் சொல்லப் போவதில்லை என்று தெரிந்துகொண்டு, "யோசிச்சுச் சொல்லுங்க, நான் இங்கதான் இருப்பேன்" என்று சொல்லிவிட்டு நாற்றங்காலில் குனிந்துகொண்டார்.